க்ளைம்பர் வாங்கும் முன் மரத்தை அளந்து பாருங்கள்

ஹன்டர் எஜுகேஷன் வகுப்பு முடிந்தது, லைசென்ஸ் கைக்கு வந்தது, ரைஃபிளோ வில்லோ வாங்கிப் பழகியும் ஆயிற்று. வெண்வால் மான் வேட்டைக்குப் புதிதாக இறங்குகிறவருக்கு அடுத்து வரும் கேள்வி, மரத்தில் எதை வைத்து ஏறி உட்காருவது என்பது. கடைக்குப் போனால் ஏணி ஸ்டாண்ட், தொங்கு ஸ்டாண்ட், க்ளைம்பர், சாடில் (இடுப்பில் மாட்டி, மரத்தில் கட்டிய கயிற்றில் சாய்ந்து உட்காரும் வார்) என்று வரிசையாக மாட்டி வைத்திருப்பார்கள். அதில் க்ளைம்பரைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். நான் வேட்டையாடுவது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அதனால் உதாரணங்களும் அந்தக் காட்டிலிருந்தே வரும். அலபாமா, தென் கரோலினா பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே சொல்வதெல்லாம் லைசென்ஸ், சீசன், எண்ணிக்கை என்று எல்லாவற்றுக்கும் வரம்பு வைத்து நடக்கும் அமெரிக்க வேட்டைக்கு மட்டும்.

நம் ஊரில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்கப் பரண் போடுவார்களே, அந்தப் பரணையே இரண்டு துண்டாக முதுகில் கட்டிக்கொண்டு போய், ஏறும்போதே மரத்தில் மாட்டிக்கொண்டு ஏறுவது போலத்தான் க்ளைம்பர். மேல் துண்டு உட்கார, கீழ்த் துண்டு கால் வைக்க. ஒவ்வொரு துண்டிலும் மரத்தைப் பார்த்த பக்கம் பல் வைத்த V வடிவ இரும்பு இருக்கும். அங்கிருந்து ஒரு கேபிளோ பெல்ட்டோ மரத்தைச் சுற்றிப் பின்பக்கமாகப் போகும். நீங்கள் எடையைப் போட்டால் பல் உங்கள் பக்கத்துப் பட்டையில் பதியும், கேபிள் மறுபக்கத்தில் இறுகும். எடையை எடுத்து வெளி விளிம்பை மேலே சாய்த்தால் பிடி விட்டு நகரும். மேல் துண்டைத் தூக்கி வைத்து உட்கார்ந்து, காலால் கீழ்த் துண்டை இழுத்து வைத்து எழுந்து நின்று, மறுபடி மேல் துண்டைத் தூக்கி, இப்படியே ஏற வேண்டியதுதான்.

இந்தச் சூத்திரத்தை மனதில் நன்றாகப் பதிய வைத்துக்கொள்ளுங்கள். எடை இருக்கும்வரைதான் பிடி. நீங்கள் மேல் துண்டில் உட்கார்ந்திருக்கும்போது கீழ்த் துண்டில் எடை இல்லை. அது காலை விட்டு நழுவி அடிமரத்துக்குப் போய்விட்டால், 18 அடி உயரத்தில் கால் வைக்க இடமில்லாமல் நிற்பீர்கள். அதனால்தான் இரண்டு துண்டுகளையும் இணைக்கும் கயிறு ஒன்று கூடவே வரும். அது இல்லாமல் ஒரு அடிகூட ஏறக் கூடாது.

முதல் வேலை காட்டில்

பலரும் கடையில் தொடங்குகிறார்கள். நான் மரத்தில் தொடங்கச் சொல்வேன். க்ளைம்பர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உங்கள் காட்டில் அது ஏறக்கூடிய மரம் இல்லையென்றால் பணம் வீண். அதற்கு வேண்டியது நேராக, உயிரோடு, ஏறப்போகும் உயரம்வரை கிளை இல்லாமல் நிற்கும் மரம். ஜார்ஜியாவின் நடுப்பகுதி இதற்கு அள்ளிக் கொடுத்த இடம். லாப்லாலி பைன் நூல் பிடித்தாற்போல நிற்கும். துலிப் பாப்லர், ஸ்வீட்கம், அடர்ந்த காட்டுக்குள் வளர்ந்த ஓக் எல்லாமே ஏற வாகானவை. அதே ஓக் வயல் ஓரத்தில் தனியாக நின்றால் தாழக் கிளை விட்டிருக்கும். அதில் க்ளைம்பர் ஏறாது.

பெரும்பாலான க்ளைம்பர்கள் 8 முதல் 20 அங்குலம் விட்டமுள்ள மரத்துக்கானவை. காட்டில் நின்றுகொண்டு விட்டத்தைக் கண்ணால் கணிப்பது சுலபமில்லை. அதற்கு ஒரு வழி இருக்கிறது. 6 அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு கயிறு எடுத்து, நுனியிலிருந்து 25 அங்குலத்தில் ஒரு முடிச்சு, 63 அங்குலத்தில் இன்னொரு முடிச்சு போடுங்கள். விட்டம் 8 என்றால் சுற்றளவு 25, விட்டம் 20 என்றால் சுற்றளவு 63. கயிற்றை மார்பு உயரத்தில் மரத்தைச் சுற்றிப் பிடியுங்கள். நுனி இரண்டு முடிச்சுகளுக்கும் நடுவில் வந்து தொட்டால் அந்த மரம் ஆகும். முதல் முடிச்சை ஒட்டியே வந்தால் விட்டுவிடுங்கள், ஏனென்றால் மரம் மேலே போகப் போக இன்னும் மெலியும். மான் நடக்கும் தடங்களை வேவு பார்க்கப் போகும்போதே இந்தக் கயிற்றைப் பையில் போட்டுக்கொண்டு போனால், ஒரே நாளில் பத்துப் பதினைந்து மரங்களை அளந்து போனின் வரைபடத்தில் குறித்துவிடலாம்.

பட்டையையும் தொட்டுப் பாருங்கள். ஷாக்பார்க் ஹிக்கரியின் பட்டை ஓலை ஓலையாகத் தொங்கும்; பல் பட்டையைப் பிடிக்கும், பட்டை மரத்தைப் பிடிக்காது. பீச், சிகமோர் போன்ற வழவழப்பான மரங்கள் மழையிலும் உறைபனியிலும் வழுக்கும். பைன் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஏறும்போது செதில் செதிலாக உதிர்ந்து சத்தம் போடும். விடிவதற்கு வெகு முன்பே ஏறிவிட்டால் அது பெரிய குறையில்லை. செத்த மரம், வண்டு துளைத்த பைன், நுனி பட்டுப்போன ஆஷ், இவற்றின் பக்கமே போக வேண்டாம்.

மரத்தை ஒட்டி விரல் தடிமனில் மயிர் முளைத்த கயிறு போல ஒரு கொடி ஏறியிருந்தால் அது பாய்சன் ஐவி. குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து வெறும் தண்டாக நிற்கும், ஆனால் அதன் எண்ணெய் அப்போதும் தோலைப் புண்ணாக்கும். க்ளைம்பரின் பல் அதை நசுக்கிக்கொண்டே போகும், கேபிள் அதில் புரளும், வீட்டுக்கு வந்த பிறகும் ஸ்டாண்டைத் தொடும்போதெல்லாம் கையில் ஒட்டும். எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும் அடுத்த மரத்துக்குப் போய்விடுங்கள்.

இப்படிச் சுற்றிப் பார்த்த பிறகு, ஏறக்கூடிய மரம் நான்கைந்துகூடத் தேறவில்லை என்றால் க்ளைம்பர் உங்களுக்கானதில்லை. தொங்கு ஸ்டாண்டும் ஏறுகம்பிகளும் வாங்குங்கள், அல்லது சாடில் பழகுங்கள். வடக்கே கிளை அடர்ந்த ஸ்ப்ரூஸ் காடுகளில் வேட்டையாடுகிற நண்பர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

நிலம் யாருடையது என்பதும் முக்கியம். வனவிலங்கு மேலாண்மைப் பகுதி போன்ற பொது நிலங்களில் மரத்தில் ஆணி அடிப்பதும் திருகு ஏற்றுவதும் பெரும்பாலும் தடை. மரத்தில் எதையும் அடிக்காமல் ஏறி இறங்கி அன்றே எடுத்துப் போகலாம் என்பதால்தான் அங்கே க்ளைம்பருக்கு இவ்வளவு மவுசு. ஆனால் தனியார் நிலத்தில் மரம் விற்பனைக்காக வளர்க்கும் பைன் தோப்பு என்றால், பல் பதிந்த தழும்பு உரிமையாளருக்குப் பிடிக்காமல் போகலாம். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு பொது நிலத்துக்கும் விதிகள் மாறும், அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டே போங்கள்.

எடைக் கணக்கு

ஸ்டாண்டில் 300 பவுண்டு தாங்கும் என்று எழுதியிருந்தால், அது உங்கள் உடம்பு எடை மட்டுமல்ல. நவம்பர் குளிருக்கான உடுப்பு, பூட்ஸ், ஹார்னஸ் (விழுந்தால் தாங்க உடம்பில் மாட்டி மரத்தோடு இணைக்கும் வார்), ரைஃபிள், முதுகுப் பை, தண்ணீர், எல்லாம் சேர்த்துத்தான். அந்தப் பொருள்களே சாதாரணமாக 30 பவுண்டைத் தொட்டுவிடும். வேட்டைக்குப் போகும் கோலத்திலேயே, பையையும் மாட்டிக்கொண்டு வீட்டு எடைமெஷினில் ஏறிப் பாருங்கள். 270-ஐத் தாண்டினால் 350 பவுண்டு ரகத்துக்குப் போவது நல்லது. சம்மிட் நிறுவனத்தில் வைப்பர் 300 பவுண்டு தாங்கும், கோலியத் 350 தாங்கும். கோலியத்தின் சட்டமும் அகலம், பெரிய உடம்புக்காரர்கள் தடித்த ஜாக்கெட்டோடு தாராளமாக உட்காரலாம்.

அடுத்தது நீங்கள் சுமக்கும் எடை. அலுமினிய க்ளைம்பர்கள் பொதுவாக 15 முதல் 25 பவுண்டு. விலை குறைந்த இரும்பு ரகங்கள் 30-ஐயும் எட்டும். காரிலிருந்து மரத்துக்கு 200 கெஜம்தான் என்றால் இரும்பே போதும். ஓகோனி மாதிரி தேசிய வனத்தில் ஒரு மைல், மேடு பள்ளம், இருட்டில் நடை என்றால் ஒவ்வொரு பவுண்டும் தோளில் தெரியும். இதற்காகத் தாராளமாகச் செலவு செய்யலாம் என்பது என் கருத்து. வியர்த்துக் குளித்துப் போய் மரத்தில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் குளிர் எலும்பைத் தொடும், வியர்வை வாடையும் மானுக்கு எட்டிவிடும்.

எப்படி ஏறுவது, எதனால் சுடுவது

உட்கார்ந்து ஏறும் க்ளைம்பரில் மேல் துண்டுக்குச் சுற்றிலும் கைப்பிடிச் சட்டம் இருக்கும். உட்கார்ந்து காலைத் தூக்கலாம், சட்டத்தில் கையை ஊன்றி எழலாம். கையால் ஏறும் ரகத்தில் மேல் துண்டு சின்னது; அதைப் பிடித்துத் தொங்கி உடம்பைத் தூக்க வேண்டும். எடை குறைவு, மடித்தால் அடக்கம், ஆனால் கையில் வலு வேண்டும். களைத்த கையோடு இருட்டில் இறங்கும்போதுதான் அதன் அருமை பெருமை தெரியும். புதியவர்களுக்கு, மேசை முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு, முழங்காலில் கோளாறு உள்ளவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது உட்கார்ந்து ஏறும் ரகம்.

ரைஃபிளோ கிராஸ்போவோ (விசை வைத்த வில்) என்றால் முன்னால் கம்பி உள்ள சட்டம் நல்லது. உட்கார்ந்தபடி துப்பாக்கியை அதில் தாங்கிச் சுடலாம், முன்னால் தடுப்பு இருக்கும் தைரியமும் கிடைக்கும். வில் என்றால் நிலைமை வேறு. நாணை இழுக்கும்போது கீழ் நுனி அந்தக் கம்பியில் இடிக்கும், எழுந்து நின்றுதான் எய்ய வேண்டியிருக்கும். அதற்கு முன்பக்கம் திறந்த ரகங்கள் உண்டு. சம்மிட்டின் ஓபன்ஷாட் அப்படி ஒன்று, சுமார் 15 பவுண்டுதான். ஜார்ஜியாவில் செப்டம்பரில் வில் சீசன், அக்டோபர் நடுவிலிருந்து துப்பாக்கி சீசன் என்று இரண்டுக்கும் போகிறவர்கள், முன்கம்பியைத் தாழ்த்தியோ தள்ளியோ வைக்கக்கூடிய ரகத்தைத் தேடிப் பாருங்கள்.

இருக்கையைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். இணைசேரும் பருவத்தில், நவம்பரில், ஆண் மான் நண்பகலிலும் நடமாடும். விடியற்காலையிலிருந்து மதியம்வரை அசையாமல் இருக்க முடிந்தவருக்குத்தான் அது கண்ணில் படும். தொட்டில் மாதிரி தொங்கும் மெத்தை இருக்கை இதற்குச் சுகம். தட்டையான சின்ன இருக்கையில் இரண்டு மணி நேரத்தில் கால் மரத்துவிடும், அப்புறம் ஆள் அசையத் தொடங்கிவிடுவார்.

கடையில் நிற்கும்போது

பாஸ் ப்ரோ, கபேலாஸ், அகாடமி போன்ற கடைகளில் மாதிரிக்கு ஒன்றை மாட்டி வைத்திருப்பார்கள். கேட்டுக் கீழே இறக்கிப் பாருங்கள். கனமான கையுறை போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கேபிளைக் கழற்றி மாட்ட முடிகிறதா? வேட்டைநாளில் விடியுமுன் இருட்டில் அப்படித்தான் செய்யப் போகிறீர்கள். ஸ்ப்ரிங் ஊசி வைத்துச் சொருகினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும் ரகங்கள் இதற்கு ஏற்றவை. தனியாகக் கழன்று வரும் திருகோ பின்னோ இருந்தால் அது என்றாவது இலைச்சருகில் விழும், இருட்டில் கிடைக்காது.

முதுகில் மாட்டிக் கடைக்குள் ஒரு சுற்று நடங்கள். கூடவே வரும் தோள்பட்டை வார் பல ரகங்களில் மெல்லியதாக இருக்கும், தனியாக நல்ல வார் வாங்க வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். மடித்த நிலையில் குலுக்கினால் இரும்பும் இரும்பும் மோதும் இடம் எது என்று காதால் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அந்த இடங்களிலெல்லாம் துணி டேப் சுற்றிவிடலாம். காற்றில்லாத குளிர்ந்த காலையில் அலுமினியம் ஒருமுறை 'டங்' என்றால் போதும், அந்தப் பள்ளத்தாக்கில் படுத்திருக்கும் மானெல்லாம் காதை நிமிர்த்தும்.

ட்ரீஸ்டாண்ட் மேனுஃபேக்சரர்ஸ் அசோசியேஷன் தரச்சான்று பெற்ற ஸ்டாண்டா என்று பெட்டியைப் பாருங்கள். நல்ல அலுமினிய க்ளைம்பர் புதிதாக ஏறக்குறைய 250 முதல் 500 டாலர் ஆகும். சீசன் முடிந்த ஜனவரி, பிப்ரவரியில் தள்ளுபடி கிடைக்க வாய்ப்பு அதிகம். பழையது வாங்குவதாக இருந்தால் கேபிளின் மேலுறை வெடித்திருக்கிறதா, இழை பிரிந்திருக்கிறதா, பற்றவைத்த இடங்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, போல்ட்டெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வெயிலில் வைத்துப் பாருங்கள். நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் தளத்தில் அந்த மாடல் திரும்பப் பெறப்பட்ட பட்டியலில் உள்ளதா என்றும் தேடுங்கள். யாரோ வீட்டில் செய்ததையோ, பெயர்ப்பலகை அழிந்ததையோ இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஹார்னஸ்

ஸ்டாண்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை இதற்கென எடுத்து வையுங்கள். மான் வேட்டையில் கடுமையாக அடிபடுகிறவர்களில் பலர் மரத்திலிருந்து விழுந்தவர்கள். உட்கார்ந்திருக்கும்போது தூங்கி விழுவது மட்டுமல்ல, ஏறும்போதும் இறங்கும்போதும்தான் அதிகம் நடக்கிறது. ஆகவே கால் தரையை விட்டதிலிருந்து கால் தரையைத் தொடும்வரை ஹார்னஸ் மரத்தோடு இணைந்திருக்க வேண்டும்.

சான்று பெற்ற ஸ்டாண்டோடு பெட்டியிலேயே ஒரு முழு உடல் ஹார்னஸ் வரும். அது உயிரைக் காக்கும், ஆனால் வார்கள் சிக்கிக்கொள்ளும். சிக்கெடுக்கச் சலித்து மாட்டாமல் போய்விடுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. சட்டை மாதிரி போட்டுக்கொள்ளும் ஹார்னஸ்கள் இப்போது நிறைய இருக்கின்றன, அதில் ஒன்று வாங்கிவிடுங்கள். இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட்டை எறிந்துவிடுங்கள்.

மரத்தைச் சுற்றும் வாரை எப்போதும் தலைக்கு மேலே வைத்திருக்க வேண்டும். உட்கார்ந்தால் இணைப்புக் கயிறு கிட்டத்தட்ட விறைப்பாக இருக்க வேண்டும். தொய்வு எவ்வளவோ அவ்வளவு தூரம் விழுவீர்கள். விழுந்து தொங்கினால் தொடை வார்கள் இரத்த ஓட்டத்தை நெரிக்கும், சில நிமிடங்களிலேயே அது ஆபத்தாகிவிடும். அதற்காகக் கால் ஊன்றி நிற்க ஒரு வளையவார் கொடுப்பார்கள். அதைப் பைக்குள் போடாமல் கைக்கு எட்டும்படி சட்டையில் வையுங்கள். போனும் விசிலும் அப்படியே. ஹார்னஸில் தயாரித்த தேதி தைத்திருக்கும். 5 ஆண்டு ஆனாலோ, ஒருமுறை விழுந்து இழுபட்டாலோ மாற்றிவிட வேண்டும்.

முதல் ஏற்றம் வீட்டுப் பக்கத்தில்

சீசனுக்கு ஒரு மாதம் முன்பு, பகல் வெளிச்சத்தில், கூட ஒருவரை வைத்துக்கொண்டு, 3 அடி உயரத்திலேயே ஏறி இறங்கிப் பழகுங்கள். ஏறுவதைவிட இறங்குவதை அதிகம் பழகுங்கள். முதலில் கீழ்த் துண்டை மாட்டி, மேல் துண்டை மாட்டி, இரண்டையும் இணைக்கும் கயிற்றைக் கட்டி, ஹார்னஸ் வாரை மரத்தில் சுற்றி இணைத்து, அப்புறம்தான் கால் வைப்பது. இந்த வரிசை கைக்கு மனப்பாடம் ஆகட்டும். ஒரு தூக்குக்கு 10 அங்குலம் போதும், அவசரமே வேண்டாம். ஒவ்வொரு தூக்குக்கும் ஹார்னஸ் வாரை மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

மரம் மெலிவதைக் கணக்கில் எடுக்க இதுதான் சமயம். தரையில் கேபிளை மாட்டும்போது கால் வைக்கும் கீழ்த் துண்டு மட்டமாக இருந்தால், 18 அடி மேலே போனதும் வெளி விளிம்பு கீழே தொங்கும், கால் வழுக்கும். அதனால் கீழே மாட்டும்போதே வெளி விளிம்பு ஓரளவு மேலே தூக்கி நிற்கட்டும். எவ்வளவு என்பது மரத்துக்கு மரம் மாறும். நேரான பைனுக்குக் கொஞ்சம் போதும், அடி பெருத்த பாப்லருக்கு நிறைய வேண்டும். மேலே போன பிறகு சரியில்லை என்று தோன்றினால் அங்கேயே கேபிளைக் கழற்றாதீர்கள். இறங்கி வந்து, கேபிளை மாட்டும் துளையை மாற்றி, மறுபடி ஏறுங்கள்.

காட்டில் முதல் நாள்

காற்று மான் வரும் பக்கத்திலிருந்து உங்களை நோக்கி வர வேண்டும். அதற்கேற்ற மரத்தைக் குறித்த பட்டியலிலிருந்து எடுங்கள். எந்த மரம், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். காரை விட்டு இறங்கியதுமே ஹார்னஸைப் போட்டுவிடுங்கள். ஜார்ஜியாவில் துப்பாக்கி சீசனில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு தெரிய வேண்டும் என்பது சட்டம். ஹார்னஸ் அதை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறக் கூடாது. தோட்டாவை எடுத்து, குழல் கீழே பார்க்கும்படி கயிற்றில் கட்டித் தரையில் விட்டு, மேலே போய் உட்கார்ந்த பிறகு இழுத்துக்கொள்ளுங்கள். கயிறு விசைப் பக்கம் போகவே கூடாது, குழல்வாய் மண்ணிலும் புதையக் கூடாது. வில் என்றால் அம்புகள் கூட்டுக்குள் இருக்கட்டும். இறங்கும்போதும் இதே முறைதான், முதலில் ஆயுதம், பிறகு ஆள்.

15 அடி புதியவருக்குப் போதும். 20 அடிக்கு மேல் போனால் மான் உங்களைப் பார்க்கும் வாய்ப்பு குறையும், உண்மைதான். ஆனால் செங்குத்தாகச் சுட வேண்டியிருக்கும், நுரையீரல் இரண்டையும் துளைக்கும் கோணம் கிடைப்பது கடினம். காயத்தோடு ஓடவிடுவதைவிட, கொஞ்சம் தாழ உட்கார்ந்து முதுகுக்குப் பின்னால் இன்னொரு மரத்தின் அடர்த்தி இருக்கும்படி பார்த்துக்கொள்வது எவ்வளவோ மேல். இடத்தில் அமர்ந்ததும் மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் மரத்தோடு சேர்த்து ஒரு வாரால் இறுக்கிவிட்டால் எழுந்து நிற்கும்போது நகராது, கிறீச்சென்ற சத்தமும் வராது.

மழையோ உறைபனியோ பிடித்தால், காற்று மரத்தை ஆட்டத் தொடங்கினால், எவ்வளவு நல்ல நேரமாக இருந்தாலும் இறங்கிவிடுங்கள். தரையில் ஒரு பெரிய ஓக்கின் அடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தும் மான் எடுக்கலாம்.

சீசன் முடிந்ததும் ஸ்டாண்டைக் கழுவிக் காயவைத்து, கேபிளை முழு நீளத்துக்கும் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி எங்காவது மாட்டினால் அங்கே இழை பிரிந்திருக்கிறது. புதுக் கேபிளை ஸ்டாண்ட் செய்த நிறுவனத்திடமே வாங்குங்கள், ஹார்ட்வேர் கடைக் கம்பியையோ போல்ட்டையோ போட்டுச் சமாளிக்க வேண்டாம். வெயிலும் ஈரமும் படாமல், எலி வாரைக் கடிக்காமல், கராஜில் உயரமாக மாட்டி வைத்தால் அடுத்த செப்டம்பருக்குத் தயார்.